தேடுகிற குடும்பத்தின் கண்ணில் படுவது எப்படி? திருகோணமலை மாவட்டத்தில் மாற்றுத்திறனாளி சேவை நிலையம் நடத்துவோரின் கேள்விகள்

திருகோணமலையில் உள்ள சிறிய சேவை நிலையங்களுக்கு இணைய விபரக்கொத்துகளில் பதிவு செய்து கொடுப்பதும், பழைய பதிவுகளைத் திருத்திக் கொடுப்பதும் என் வேலை. பிசியோதெரபி கொடுப்பவர்கள், விசேட தேவையுள்ள பிள்ளைகளுக்கு வகுப்பு நடத்துபவர்கள், வீட்டுக்கு வந்து முதியோரைப் பராமரிப்பவர்கள், வீல் செயர் திருத்துபவர்கள் என்று பலர் கேட்ட கேள்விகள் இவை. ஒரே கேள்வி பல வாயிலிருந்து வந்ததால் எழுதி வைக்கிறேன்.

எங்களைத் தேவைப்படுகிற ஆட்களுக்கு எங்களைத் தெரியும்தானே? பிறகு எதற்கு இணையத்தில் பதிவு?

உங்களிடம் வருகிறவர்களுக்கு உங்களைத் தெரியும். வராதவர்களைப் பற்றித்தான் பேச வேண்டும். நாடு முழுவதும் எடுத்த 2012 குடிசன மதிப்பீட்டில், 5 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களில் 8.7 வீதமானோருக்குப் பார்த்தல், கேட்டல், நடத்தல், நினைவில் வைத்தல் போன்றவற்றில் ஏதாவதொரு சிரமம் இருப்பதாகப் பதிவானது. உங்கள் வருகைப் புத்தகத்தில் எத்தனை பெயர் இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள்.

தேடுகிறவர் பெரும்பாலும் நோயாளி அல்ல. அப்பாவுக்குப் பாரிசவாதம் வந்து வைத்தியசாலையிலிருந்து துண்டு வெட்டி வீட்டுக்குக் கொண்டுவந்திருப்பார்கள். அடுத்து என்ன செய்வதென்று தெரியாமல் மகள் இரவு பத்து மணிக்குப் போனைக் கையில் எடுப்பாள். அல்லது மகன் கட்டாரில் இருப்பான். அங்கிருந்து கிண்ணியாவில் உள்ள அம்மாவுக்கு ஆள் தேடுவான். இவர்களுக்கு உங்கள் பெயர் தெரியாது, உங்கள் ஒழுங்கை தெரியாது. போனில் வருகிற நான்கைந்து பெயர்களில் உங்கள் பெயர் இல்லையென்றால், அவர்களைப் பொறுத்தவரை இந்த மாவட்டத்தில் அப்படி ஒரு சேவையே இல்லை.

சரி, முதலில் எதைச் செய்வது?

உங்கள் பெயரை நீங்களே தேடுங்கள். உங்கள் போனில் தேடினால் உங்களுக்குப் பழக்கமானதையே காட்டும். பக்கத்து வீட்டுக்காரரின் போனை வாங்கித் தேடுங்கள். வருகிற ஒவ்வொரு பதிவிலும் உள்ள தொலைபேசி இலக்கத்துக்குக் கோல் எடுத்துப் பாருங்கள்.

இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், நான் ஒருமுறை இதைச் செய்யத் தவறினேன். ஒரு நிலையத்துக்குப் புதுப் பதிவு செய்து, படம் எல்லாம் அழகாகப் போட்டுக் கொடுத்தேன். நான்கு வருடத்துக்கு முந்திய ஒரு பட்டியலில் வேலையை விட்டுப்போன ஒருவரின் சொந்த இலக்கம் கிடந்ததை நான் பார்க்கவில்லை. மூதூர்ப் பக்கத்திலிருந்து ஒரு அம்மா அந்த இலக்கத்துக்குத்தான் இரண்டு கிழமையாக எடுத்திருக்கிறார். கடைசியில் வேறு யாரோ சொல்லி நேரில் வந்தார். வந்ததும் அவர் கேட்டது: “தம்பி, நீங்க பூட்டிட்டீங்க எண்டுதான் நினைச்சன். பிள்ளைக்கு இப்ப ஏலுமா, இல்ல பிந்திட்டமா?” அந்தக் கேள்வி இன்னும் என்னோடு இருக்கிறது. அன்றிலிருந்து பழையதைத் தேடித் திருத்தாமல் புதியதைத் தொடங்குவதில்லை.

பெயர், முகவரி, இலக்கம் மூன்றும் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். ஓரிடத்தில் 026இல் தொடங்கும் நிலையான இலக்கம், இன்னோரிடத்தில் கைத்தொலைபேசி, மற்றதில் பழைய முகவரி என்றிருந்தால், கூகுளுக்கும் எது சரி என்று தெரியாது, வருகிறவருக்கும் தெரியாது.

இன்னொன்று. காது கேளாதவர் கோல் எடுக்க மாட்டார்; அவருக்கு எழுத்தில் கேட்க வட்ஸ்அப் அல்லது எஸ்எம்எஸ் இலக்கம் வேண்டும். பார்வையற்றவருக்குக் குரல்தான் வசதி. ஆகவே இரண்டுக்கும் வழி இருக்கிறது என்று பதிவிலேயே எழுதுங்கள். “செவிப்புலன் குறைபாடு உள்ளவர்கள் வட்ஸ்அப்பில் எழுதலாம்” என்ற ஒரு வரி போதும்.

எந்தெந்த இடங்களில் பதிய வேண்டும்?

கூகுள் வணிகப் பதிவு முதலாவது. இலவசம், தேடலிலும் மெப்பிலும் ஒன்றாக வரும். அடுத்தது பேஸ்புக் பக்கம். எங்கள் மாவட்டத்தில் பல குடும்பங்களுக்கு இணையம் என்றால் பேஸ்புக்கும் வட்ஸ்அப்பும்தான். ஸ்ரீலங்கா டெலிகொமின் ரெயின்போ பேஜஸ் மூன்றாவது.

நான்காவதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்: உங்கள் பிரதேச செயலகத்தின் சமூக சேவை உத்தியோகத்தரிடம் உள்ள பட்டியல். அது கோப்பில் கிடக்கிற தாள்தானே என்று நினைக்காதீர்கள். யாராவது மாவட்ட மட்டத்தில் விபரக்கொத்து ஒன்றைத் தயாரிக்கும்போது முதலில் போய்க் கேட்பது அந்த மேசையில்தான். தாளில் உள்ள பிழை அப்படியே இணையத்துக்கு ஏறும். நேரில் போய், எழுத்தில் திருத்தம் கொடுத்து, பிரதி ஒன்றில் திகதி முத்திரை வாங்கி வாருங்கள்.

ஓப்பன்ஸ்ட்ரீட்மெப் என்ற திறந்த வரைபடத்திலும் உங்கள் இடத்தைச் சேர்க்கலாம். வீல் செயரில் போகக்கூடிய இடங்களைக் காட்டும் வீல்மெப் என்ற ஜெர்மன் தளம் 2010இலிருந்து இந்த வரைபடத்தின் தகவலைத்தான் பயன்படுத்துகிறது. நீங்கள் அங்கே ஒருமுறை போட்டால் உலகத்தில் எங்கிருந்தும் பார்க்கலாம்.

இருபது முப்பது தளங்களில் பதிந்து தருகிறோம் என்று வருபவர்களை நம்ப வேண்டாம். நான்கு இடத்தில் சரியாக இருப்பது முப்பது இடத்தில் பிழையாக இருப்பதை விட எவ்வளவோ மேல். முப்பதையும் பிறகு யார் திருத்துவது?

எங்களை எந்தச் சொல்லால் விபரிப்பது? மாற்றுத்திறனாளிகள் என்று போட்டால் போதாதா?

போதாது. எனக்கு மிகவும் அக்கறையுள்ள கேள்வி இது.

ஒரே ஆட்களுக்கு எங்களிடம் பல பெயர்கள் உண்டு. மாற்றுத்திறனாளிகள், மாற்றாற்றல் உள்ளோர், விசேட தேவையுடையோர், வலுவிழந்தோர் என்று அலுவலகத்துக்கு அலுவலகம் மாறும். பழைய கடிதங்களில் அங்கவீனர் என்று இருக்கும். இதில் எதைப் பாவிப்பது என்று உங்களிடம் வருகிறவர்களையே கேளுங்கள். அவர்கள் தங்களை எப்படி அழைக்க விரும்புகிறார்களோ அதுதான் உங்கள் சொல். நான் மாற்றுத்திறனாளிகள் என்று எழுதுகிறேன், ஏனென்றால் நான் வேலை செய்தவர்கள் அதைத்தான் கேட்டார்கள்.

ஆனால் தேடுகிற தாய் இந்தச் சொல் எதையும் தட்டுவதில்லை. “மூன்று வயது பிள்ளை கதைக்கவில்லை” என்று தட்டுகிறாள். “நடக்க ஏலாதவர்களுக்கு வீல் செயர்” என்று தட்டுகிறாள். “பாரிசவாதம் பயிற்சி திருகோணமலை” என்று தட்டுகிறாள். தன் பிள்ளையை அவள் இன்னும் எந்தப் பெட்டிக்குள்ளும் போடவில்லை. என்ன நடக்கிறது என்று மட்டும்தான் அவளுக்குத் தெரியும். “உளசமூக புனர்வாழ்வு மற்றும் வலுவூட்டல்” என்று நீங்கள் எழுதி வைத்திருந்தால், அவளும் நீங்களும் ஒரே தெருவில் இருந்தும் சந்திக்க மாட்டீர்கள்.

அதனால் விபரிப்பில் முதல் இரண்டு வரியை வீட்டுப் பேச்சுக்குக் கிட்டவாக எழுதுங்கள். உதாரணத்துக்கு: “கதைக்கப் பிந்துகிற பிள்ளைகளுக்குப் பேச்சுப் பயிற்சி. பாரிசவாதத்துக்குப் பிறகு கை, கால் பயிற்சி. கிண்ணியா, தம்பலகாமம் பகுதிகளில் வீட்டுக்கு வருவோம்.” கூகுள் பதிவின் விபரிப்புக்கு 750 எழுத்துதான் இடம் தருகிறது. உங்கள் நோக்கமும் தொலைநோக்கும் அதை நிரப்ப விடாதீர்கள்.

வகையைத் தெரிவு செய்வதிலும் கவனம். கூகுளில் ஒரு முதன்மை வகையும், மேலதிகமாக ஒன்பது வகைகளும் போடலாம். பலர் பொதுவாக இலாப நோக்கற்ற நிறுவனம் என்பதை முதன்மையாகப் போடுகிறார்கள். அது நீங்கள் யார் என்பதைச் சொல்கிறது. என்ன செய்கிறீர்கள் என்பதைச் சொல்வதில்லை. பிசியோதெரபி கொடுத்தால் அதையே முதலில் போடுங்கள்.

பெயருக்குள்ளேயே “திருகோணமலையில் சிறந்த பிசியோதெரபி” என்று சேர்த்துவிடலாமா?

கூடாது. பெயர்ப்பலகையில் உள்ள பெயர்தான் பதிவிலும் இருக்க வேண்டும் என்பது கூகுளின் விதி. மீறினால் பதிவு இடைநிறுத்தப்படலாம். திரும்பப் பெறுவது பெரிய அலைச்சல்.

எங்கள் இணையப் பக்கத்தில் எல்லாம் தமிழில்தான் இருக்கிறது. ஆனாலும் தேடினால் வருவதில்லையே?

பாமினியில் தட்டி ஏற்றியிருக்கிறீர்களா என்று பாருங்கள். பாமினி எழுத்துரு ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் உருவம் கொடுப்பது. உங்கள் கணினியில் தமிழாகத் தெரிந்தாலும், உள்ளே இருப்பது பொருளில்லாத ஆங்கில எழுத்துக் கூட்டம். கூகுள் அந்தக் கூட்டத்தைத்தான் வாசிக்கிறது. பார்வையற்றவரின் போனில் திரை எழுத்தைக் குரலாகச் சொல்லும் திரைவாசிப்பானும் அதைத்தான் வாசிக்கிறது. ஒருமுறை ஒரு அண்ணா தன் போனை என் காதில் வைத்துக் கேட்கச் சொன்னார். ஒரு நிலையத்தின் அறிவித்தலை அது ஆங்கில எழுத்தெழுத்தாகச் சொல்லிக்கொண்டே போனது. பார்வையற்றோருக்கான பயிற்சி பற்றிய அறிவித்தல் அது.

எல்லாக் கருவியும் தமிழைத் தமிழாகவே வாசிக்கிற எழுத்து முறை யுனிகோடு. அதற்கு மாற்றும் இலவசக் கருவிகள் இணையத்தில் உண்டு. மாற்றிய பிறகு ஒருமுறை வாசித்துப் பிழை திருத்துங்கள்.

துண்டுப்பிரசுரத்தைப் படமாக மட்டும் போடுவதிலும் இதே சிக்கல்தான். படத்துக்குள் இருக்கிற எழுத்தைத் திரைவாசிப்பான் பெரும்பாலும் சரியாகச் சொல்லாது. படத்தைப் போடுங்கள், கீழே அதே விடயத்தைத் தட்டியும் எழுதுங்கள்.

ஊர்ப் பெயரை எப்படி எழுதுவது?

திருகோணமலை, திருக்கோணமலை இரண்டையும் சனம் தட்டுகிறது. ஆங்கிலத்தில் முழுப்பெயரும் ட்ரிங்கோ என்ற சுருக்கமும் வரும். முகவரியில் ஒன்றையே பாவியுங்கள், அஞ்சல் குறியீடு 31000 என்றால் அதையும் சேருங்கள். விபரிப்பிலும் பேஸ்புக் பதிவுகளிலும் மற்ற வடிவங்கள் இயல்பாக வரட்டும். மாவட்டத்தில் மூன்று மொழிக்காரரும் இருக்கிறோம். கந்தளாய், சேருவில பக்கத்திலிருந்து சிங்களத்தில் தேடுவார்கள். சிங்களத்தில் இரண்டு வரியாவது போடுங்கள். ஆனால் போன் எடுத்தால் சிங்களத்தில் பதில் சொல்ல ஆள் இருக்கிறாரா என்பதை முதலில் உறுதிப்படுத்துங்கள்.

எங்களுக்கு அலுவலகம் இல்லை. வீடு வீடாகப் போய்த்தான் சேவை செய்கிறோம். பதியலாமா?

தாராளமாக. முகவரியை மறைத்துவிட்டு, சேவை செய்யும் பகுதிகளை மட்டும் காட்டும் வழி கூகுளில் இருக்கிறது. 20 பகுதிகள் வரை போடலாம். ஆனால் உண்மையில் போகிற இடங்களை மட்டும் போடுங்கள். மெப்பில் பார்த்தால் மூதூரும் பட்டினமும் கைக்கெட்டும் தூரம். நடுவில் கொட்டியாரக் குடா கிடக்கிறது. வீதி கிண்ணியா வழியாகச் சுற்றிப் போகிறது. பட்டினத்து மேசையில் இருந்துகொண்டு மூதூரையும் சேர்ப்பது ஒரு சொடுக்கு. வெருகலுக்குக் கிழமைக்கு இரண்டு தரம் போய்வருவது வேறு கதை. எந்த நாளில் எந்தப் பக்கம் போவீர்கள் என்று எழுதினால், அந்த நாளுக்குக் காத்திருக்க அவர்கள் தயார்.

உறுதிப்படுத்தலுக்குக் கூகுள் இப்போது அநேகமாகக் காணொளி கேட்கிறது. வீதி, பெயர்ப்பலகை அல்லது சேவை உபகரணங்கள், நீங்கள்தான் நடத்துகிறீர்கள் என்பதற்கான ஆதாரம் மூன்றையும் ஒரே ஓட்டத்தில், வெட்டாமல் எடுக்க வேண்டும். பதிவுச் சான்றிதழைக் கையில் வைத்துக்கொண்டு தொடங்குங்கள்.

மெப்பில் எங்கள் இடம் பிழையாகக் காட்டுகிறதே?

முகவரியில் திருகோணமலை என்று மட்டும் கொடுத்தால் புள்ளி எங்கேயோ போய் விழும். ஒரு நிலையத்தின் புள்ளி உள்துறைமுகத் தண்ணீருக்குள் கிடந்ததை நான் பார்த்திருக்கிறேன். வாசலில் போய் நின்று, போனில் புள்ளியை விரலால் இழுத்துச் சரியான இடத்தில் வையுங்கள். ஓட்டோ நிற்கக்கூடிய வாசலில் வையுங்கள். பின்பக்க மதிலில் வைத்தால் ஊன்றுகோலோடு ஒருவர் சுற்றி வர நேரும். வீட்டு இலக்கம் இல்லாத ஒழுங்கைகளுக்குக் கூகுள் தருகிற பிளஸ் கோட் என்ற, இடத்தைக் குறிக்கும் சிறு குறியீடு நல்ல உதவி. அதோடு “பிள்ளையார் கோயிலுக்கு எதிர் ஒழுங்கை, மூன்றாவது வீடு, பச்சைக் கேற்” என்று எழுதுவதை யாரும் தடுக்கவில்லை.

வீல் செயரில் வரலாம் என்று குறிப்பிட ஒரு பொத்தான் இருக்கிறது. அதை அழுத்தலாமா?

அழுத்த முதல் வாசலில் போய் நில்லுங்கள்.

ஒரு நிலையத்தில் நான் இதைக் கேட்டபோது “ஓம் ஓம், எல்லாரும் வரலாம்” என்றார்கள். வாசலில் ஒரு படி இருந்தது. ஆறு அங்குலம். அங்கே வேலை செய்கிற பிள்ளைகளுக்கு அது படியாகவே தெரியவில்லை. தினமும் தாண்டிப் போகிறார்கள். ஒரு நாள் ஈச்சிலம்பற்றிலிருந்து ஒருவர் ஓட்டோ பிடித்து வந்தார். அந்தப் படியில் அவரை இரண்டு பேர் செயரோடு தூக்கினார்கள். வளர்ந்த மனிதர், தன் பிள்ளைகளுக்கு முன்னால் தூக்கப்படுவதை அவர் விரும்பவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டார். மறுமுறை வரவில்லை.

பொதுவாக ஏற்றுக்கொள்ளப்பட்ட சாய்வு 1க்கு 12. அதாவது ஆறு அங்குலப் படிக்கு ஆறு அடி நீளமான சாய்தளம் வேண்டும். பலகையொன்றைச் சாய்த்து வைப்பது சாய்தளம் ஆகாது. பொதுமக்கள் பாவிக்கும் கட்டடங்களில் அணுகு வசதி பற்றிய ஒழுங்குவிதிகள் இலங்கையில் 2006இலேயே வந்துவிட்டன.

கூகுளில் நுழைவாயில், கழிப்பறை, வாகனத் தரிப்பிடம், இருக்கை ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகக் குறிக்கலாம். உண்மையானதை மட்டும் குறியுங்கள். இல்லாததை இல்லை என்று சொல்வதில் வெட்கம் இல்லை: “வாசலில் ஒரு படி உண்டு. கழிப்பறை ஒடுக்கமானது. முன்கூட்டிச் சொன்னால் வீட்டுக்கு வருவோம்.” இப்படி எழுதியிருந்தால் அந்த மனிதர் அன்று புறப்பட்டிருக்க மாட்டார், நாங்கள் அவரிடம் போயிருப்போம். வாசலின் படத்தையும் போடுங்கள். திறப்பு விழாவில் மாலையோடு நிற்கும் படத்தைவிட வெறும் வாசலின் படம் பயன்படும்.

பயன்பெற்ற பிள்ளைகளின் படத்தைப் போட்டால் நம்பிக்கை வரும்தானே?

போடாதீர்கள். பெற்றோர் சரி என்று சொன்னாலும் இரண்டு தரம் யோசியுங்கள். உங்களிடமிருந்துதான் வீல் செயர் கிடைத்தது என்னும்போது “இல்லை” என்று சொல்ல அவர்களுக்கு வாய் வராது. அந்தப் பிள்ளைக்கு இருபது வயதாகும்போதும் படம் இணையத்தில் இருக்கும். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் உடல்நலம் பற்றிய தகவலை விசேட வகையாகக் கருதுகிறது. உபகரணம், அறை, வாசல், வேலை செய்பவர்கள்: இவற்றின் படங்கள் போதும்.

ரிவியூ எப்படி வாங்குவது? யாரோ ஒருவர் ஒரு நட்சத்திரம் போட்டிருக்கிறார்.

கேட்டு வாங்கலாம். காசோ சலுகையோ கொடுத்து வாங்கக் கூடாது. கூகுள் அதைத் தடை செய்திருக்கிறது. உங்கள் உறவினர்களைக் கொண்டு எழுதுவிப்பதும் வேண்டாம். சேவை முடிந்து சில கிழமைகளுக்குப் பிறகு, இணைப்பை வட்ஸ்அப்பில் அனுப்பி, “விரும்பினால் எழுதுங்கள், எழுதாவிட்டாலும் எங்கள் சேவை மாறாது” என்று சொல்லுங்கள். இரண்டாவது பாதிதான் முக்கியம்.

குறை எழுதியவருக்குப் பதில் எழுதும்போது அவர் உங்களிடம் வந்தவர் என்பதையோ, என்ன சிகிச்சை என்பதையோ பொதுவெளியில் உறுதிப்படுத்தாதீர்கள். “நீங்கள் எழுதியதைப் பார்த்தோம், இந்த இலக்கத்துக்கு எடுத்தால் கேட்டுச் சரிசெய்கிறோம்” என்று நிறுத்துங்கள். பிறகு உண்மையிலேயே கேளுங்கள்.

கூகுளிலிருந்து பேசுகிறோம், முதலிடத்தில் வைக்கப் பணம் கட்டுங்கள் என்று கோல் வந்தது.

வைத்துவிடுங்கள். பதிவுக்குக் கூகுள் காசு கேட்பதில்லை. உள்ளூர்த் தேடலில் தேடியதற்கு எவ்வளவு பொருந்துகிறது, எவ்வளவு கிட்ட இருக்கிறது, எவ்வளவு அறியப்பட்டது என்பவற்றைப் பார்த்துத்தான் வரிசை வருகிறது. அந்த இடத்தை விற்பதில்லை என்று கூகுளே சொல்கிறது.

அண்ணா அவுஸ்திரேலியாவில் இதே துறையில் இருக்கிறார். அங்குள்ள முறைகளை இங்கே செய்யச் சொல்கிறார். பொருந்துமா?

பாதி பொருந்தும். அங்கே 2013இல் தொடங்கிய தேசிய மாற்றுத்திறனாளி காப்புறுதித் திட்டம் இருக்கிறது. தகுதி பெற்றவருக்கு அரசு ஒரு திட்டமும் அதற்கான பணமும் ஒதுக்குகிறது; அவர் விபரக்கொத்தைப் பார்த்துத் தனக்குப் பிடித்த சேவையாளரைத் தெரிவு செய்கிறார். பதிவு பெற்ற சேவையாளர்களின் பட்டியலும் உண்டு. அதனால் அங்கே போட்டி கடுமை. பட்டியலில் மேலே வர நிறையச் செலவழிக்கிறார்கள்.

இங்கே அப்படிப் பணம் ஒருவர் கையில் வருவதில்லை. எங்கள் சிக்கல் போட்டி அல்ல, ஆளைத் தெரியாமல் இருப்பது. அண்ணா சொல்கிறவற்றில் தெளிவான விபரிப்பு, சரியான நேரம், விரைவான பதில் மூன்றையும் எடுங்கள். விளம்பரத்துக்கு ஒதுக்க நினைத்த காசைப் போன் எடுக்கும் ஆளுக்குக் கொடுங்கள். உங்கள் சேவை இலவசமா, கட்டணமா, எவ்வளவு என்பதையும் பதிவில் எழுதுங்கள். கேட்கக் கூச்சப்பட்டே பலர் எடுக்காமல் விடுகிறார்கள்.

பதிவை எத்தனை நாளுக்கு ஒருமுறை பார்க்க வேண்டும்?

மாதம் ஒருமுறை, பத்து நிமிடம். நோன்பு காலத்தில் நேரம் மாறும், தைப்பொங்கலுக்குப் பூட்டுவீர்கள், மார்கழி மழையில் சில பாதைகளால் போகவே முடியாது. இவற்றுக்கு விசேட நேரம் என்ற இடத்தில் முன்கூட்டியே போடுங்கள். உங்கள் பதிவில் யார் வேண்டுமானாலும் திருத்தம் பரிந்துரைக்கலாம் என்பதால், “நிரந்தரமாக மூடப்பட்டது” என்று யாராவது மாற்றிவிட்டார்களா என்றும் பாருங்கள்.

பதிவைத் தொடங்கும்போது நிலையத்தின் பெயரில் தனி மின்னஞ்சல் ஒன்று திறந்து அதிலேயே செய்யுங்கள். கணினி தெரிந்த தம்பியின் சொந்த மின்னஞ்சலில் செய்தால், அவர் கொழும்புக்கோ வெளிநாட்டுக்கோ போன பிறகு உங்கள் பதிவை நீங்களே திறக்க முடியாமல் போகும். கடவுச்சொல்லை இரண்டு பேர் வைத்திருங்கள். ஒரு பிரதியை உறையில் ஒட்டி, வருகைப் புத்தகம் இருக்கிற அலுமாரியில் வையுங்கள்.